ஐந்தாவது முழுக்கு

ஃபேனை நான் முன்பெல்லாம் ஐந்தில்தான் வைத்திருப்பேன், மேடம். மயிலாப்பூரில் மாடி அறை. ஜாதகம் கணிக்கும் கம்ப்யூட்டரும் சூடாகும். ஏழு வருடத்துக்கு முன் அப்பாவோடு வந்த தாரணி, "காத்து ஆகாது, கொஞ்சம் கொறைக்கறேளா?" என்று நிமிர்ந்து பார்த்தாள். இரண்டில் வைத்தேன். இன்றுவரை இரண்டுதான்.

நாம் பார்க்கும் நட்சத்திர ஒளி நூற்றுக்கணக்கான வருடங்களுக்கு முன் கிளம்பியது. அப்படி ஒன்று எங்கள் இருவருக்காகக் கிளம்பி அன்று வந்து சேர்ந்தது. வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

அவள் பூசம். நான் அனுஷம். ரஜ்ஜு தட்டும், கல்யாணம் கூடாது. அடுத்த நட்சத்திரமான ஆயில்யம் என்றால் எனக்குத் தடையில்லை. மற்றவர்கள் மாமியாருக்கு ஆகாது என்று ஒதுக்குவார்கள். பூசம் முடியப் பதினோரு நிமிடம் இருக்கும்போது பிறந்தவள். ஆயில்யம் என்று மாற்றி அச்சிட்டேன்.

அவள் அப்பா ஸ்ரீனிவாசராகவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"கோவில்ல பூசம்னுதானே சொல்லிண்டிருக்கோம்?"

"அது வாக்கியப் பஞ்சாங்கக் கணக்கு மாமா. திருக்கணிதத்துல ஆயில்யம்தான் வருது."

அச்சிட்ட தாளோடு யாரும் வாதாடுவதில்லை.

பத்தொன்பது வரன் தட்டிப்போனது. ஒவ்வொரு முறையும் அவர் தனியாக வந்து என் எதிரில் அழுவார். தண்ணீர் கொடுப்பேன். இன்னும் ஒன்றிரண்டு போனால் என் ஜாதகத்தை நீட்டலாம் என்றிருந்தேன். அதற்குள், அவளோடு வேலை பார்த்த பாரத் ஜாதகமே வேண்டாம் என்று கட்டிக்கொண்டான். அடையாறில் கல்யாணம். பத்திரிகை வந்தது.

பாரத்தின் அம்மா ஜெயபாரதிக்கு நம்பிக்கை உண்டு. சம்பந்தி வீட்டில் வாங்கிய, நான் அச்சிட்ட தாளோடு என்னிடமே வந்தார்.

"பையனுக்குத் தெரிய வேணாம் தம்பி. எனக்கு எதுவும் ஆகிடக் கூடாது. அந்தப் பொண்ணை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அவ மேல பழி வந்துடும்."

பரிகாரம் சொன்னேன். ஆயில்யத்தன்று விடியும்போது கொட்டிவாக்கம் கடலில் ஐந்து முழுக்கு. அலைக்குப் பயந்தார். கையைப் பிடித்துக்கொண்டேன். நான்குவரை அவரே எண்ணினார். ஐந்தாவதில் தலையில் கை வைத்தேன். ஆசீர்வாதம் என்று நினைத்திருப்பார், கொஞ்ச நேரம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பாரத்தே தாரணியை அப்பா வீட்டில் கொண்டுவந்து விட்டான். ஜாதகம் வேண்டாம் என்றவன்.

அடுத்த ஆயில்யத்தன்று கடலுக்கு நன்றி சொல்லப் போனேன். மீன் விற்கும் குப்பம்மா சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு ரெண்டு பேரா எறங்கினீங்க. நீ மட்டும் ஏறிப் போய்க்கினு இருந்த. அந்தம்மா எங்க நைனா?"

அவள் சொன்னது சரி, மேடம். எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று தாரணியை இங்கே அழைத்து வந்து என்னைக் காட்டினீர்கள். அவள் வெகுநேரம் பார்த்தாள். "தெரியாது. யார் இவர்?" என்றாள். இத்தனை பேர் நடுவில் வேறென்ன சொல்வாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். நீங்கள் கவனிக்கவில்லை. அது எனக்குச் சொன்னது.

மறுபடி அவளைக் கூப்பிட்டால், இந்த ஸ்டேஷன் ஃபேனை இரண்டில் வையுங்கள்.