பம்ப் ரூம் மெயில்

புது விண்டோஸ் போடுவதற்கு முன்னால் மெயில் புரோகிராமை மூடிவிட வேண்டும். நிறையப் பேர் இதைச் செய்வதில்லை. திறந்து வைத்தபடியே காப்பி எடுத்தால் ஃபைல் அரைகுறையாக வந்து சேரும். அது தெரியவரும்போது பழையது அழிந்திருக்கும். நான் மூடிவிட்டுத்தான் எடுத்தேன். பென் டிரைவில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று. அவை என் லேப்டாப்பில் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே பழைய கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்தேன்.

எங்கள் வீட்டில் இது முக்கியம். அப்பாவின் மெயில்கள் கம்ப்யூட்டருக்குள் இறங்கியவுடன் இன்டர்நெட்டிலிருந்து போய்விடும். எப்போதோ அப்படி செட் பண்ணியதை யாரும் மாற்றவில்லை. அந்த ஒரு மெஷினில் இருப்பதுதான் எல்லாம்.

அப்பா பெயர் ஜெயராம். வேளச்சேரியில் எங்கள் அடுக்குமாடியின் அசோசியேஷன் செயலாளர். பெயர் அவருடையது, மெயில் பார்ப்பது நான். பிளஸ் டூ படிக்கிறேன்.

"யாராவது செலவு கேட்டு எழுதினா, மீட்டிங்ல பேசிக்கலாம்னு போட்டுடு, கண்ணா. என் பேர்லயே அனுப்பு. ஒவ்வொண்ணுக்கும் என்னைக் கூப்பிடாதே" என்பார்.

நான் கூப்பிட மாட்டேன்.

இந்த மழையில் வாட்ச்மேன் கதிரேசன் அண்ணா இறந்துபோனார். "இன்னா பாப்பா, டாக்டருக்குப் படிச்சிக்கினு கீறியா? பாஸானதும் எனக்குத்தான் மொத ஊசி" என்று கேட்டைத் திறந்துவிடுவாரே, அவர்தான். மேல்தொட்டியில் தண்ணீர் இல்லை என்று வீட்டுக்கு வீடு இன்டர்காமில் கத்தினார்கள். அவர் முழங்கால் வெள்ளத்தில் பம்ப் ரூமுக்குள் போனார். மோட்டார் வயரிலிருந்து கரண்ட் அடித்துவிட்டது.

மெஹபூப் பாஷா என்ற எலக்ட்ரீஷியனைப் போலீஸ் பிடித்தது. மோட்டாரை சர்வீஸ் செய்தவர் அவர். 'வயர் மோசம் என்று செயலாளருக்கு மெயில் போட்டேன், பதிலும் வந்தது' என்றார். எங்களுடையதைப் போலவே அவருடைய மெயிலும் கடைக் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் இருந்தது, அதுவோ அதே வெள்ளத்தில் முழுகிவிட்டது. அப்பாவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அப்படி ஒரு மெயில் தனக்கு வரவே இல்லை என்று அப்பா எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பழைய விண்டோஸுக்கு இனிமே அப்டேட் வராதுப்பா. மாத்திடட்டுமா?" என்றேன்.

"மெயிலெல்லாம் பத்திரமா எடுத்து வெச்சுட்டு மாத்தும்மா. போலீஸ் கேட்டாலும் கேப்பாங்க."

பத்திரமாகத்தான் எடுத்தேன். ஒரு மெயிலை அழித்தால் மட்டும் அது போய்விடாது. குப்பையைக் காலி செய்ய வேண்டும், பிறகு ஃபோல்டரைச் சுருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் அது ஃபைலிலிருந்தே போகும். அனுப்பிய மெயில்கள் இருக்கும் ஃபோல்டருக்கும் அப்படியே. இரண்டையும் முடித்துவிட்டுத்தான் காப்பி எடுத்தேன்.

அப்புறம் தல்ஹா வந்தான். மெஹபூப் பாஷாவின் பையன், என் வயதுதான். நான்தான் கதவைத் திறந்தேன்.

"ஸஹானா, நைனா அல்லா மேல சத்தியம் பண்ணுது, மெயில் போட்டேன்னு. ஒரே ஒரு தபா தேடிப் பாத்துக்கவா?"

நாற்காலியை இழுத்துப் போட்டேன். மெயில் புரோகிராமைத் திறந்து மவுஸைக் கொடுத்தேன். டீ போட்டுக் கொடுத்தேன். பம்ப் என்று தேடினான், வயர் என்று தேடினான், அவனுடைய அப்பா பெயரைப் போட்டுத் தேடினான். பெயிண்ட் அடிப்பது, பார்க்கிங் சண்டை, நாய் குரைப்பது எல்லாம் வந்தன.

"புது விண்டோஸ் போட்டேன்னு சொன்னியே, அதுல எதுனா வுட்டுப் போயிருக்குமா?"

"காப்பி எடுத்ததைத் திறந்து சரிபார்த்தேன். ஒண்ணும் விட்டுப்போகலை."

மவுஸை என் பக்கம் தள்ளிவைத்தான். "ஜெயில்ல போயி நைனாகிட்ட இன்னான்னு சொல்லுவேன்? அது பொய் சொல்லாதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றான். போகும்போது தேங்க்ஸ் சொன்னான். டீயைக் குடிக்கவில்லை.

அவனுடைய அப்பா பொய் சொல்லவில்லை. மோட்டார் வயர் நைந்துவிட்டது, மழையில் ஆளைக் கொன்றுவிடும், மாற்றும்வரை மெயினை ஆஃப் பண்ணி வையுங்கள் என்று அவர் எழுதியிருந்தார். மறுநாள் எனக்குக் கெமிஸ்ட்ரி பரீட்சை. மெயினை ஆஃப் பண்ணினால் குளிக்கத் தண்ணீர் வராது. 'மீட்டிங்கில் பேசிக்கொள்ளலாம். அதுவரை பம்ப் ஓடட்டும். இப்படிக்கு, ஜெயராம், செயலாளர்' என்று டைப் பண்ணி அனுப்பினேன். இரண்டாவது வரி அப்பா சொல்லிக்கொடுத்தது இல்லை. அது நானாகப் போட்டது.

எங்கள் அப்பா யாரிடமும் பொய் சொல்ல மாட்டார். போலீஸுக்கு அவர் எழுதிக்கொடுத்தது அன்றைக்கு உண்மையாக இல்லை, அவ்வளவுதான். இப்போது அது உண்மை. அவருக்காக நான் அதையாவது செய்தேன்.