மாப்பிள்ளைக்கு நரை

— அப்பா! பாத்ரூம் கதவை ஏன் இப்படிப் படபடன்னு தட்டுறீங்க? உடைஞ்சிடப் போவுது!

— அப்பா இல்ல ஹரி, பவானி.

— பவானியா? நாளைக்குத்தானே பரிசம்! பொண்ணு இன்னிக்கே மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தா எப்படிலா?

— உங்க ஜிப்பாவைத் தையல்காரர்கிட்டேருந்து எடுத்துட்டு வந்தேன். போட்டுப் பாருங்க. எங்க பிளாட்டுல லிஃப்ட் இன்னும் ரோசாக்தான், எவனும் ரிப்பேர் பண்ணல. நாலு மாடி இறங்கி, புக்கிட் பெருவாங்லேருந்து குருபோங் வரைக்கும் வெயில்ல மோட்டார் சைக்கிள்ல வந்திருக்கேன். வெளிய வாங்க.

— குளிக்கிறேன்.

— தண்ணிச் சத்தமே கேக்கல?

— சோப்பு போடுறேன்.

— கதவுக்கடியில கறுப்பா ஒழுகி வருது. உங்க வீட்டுச் சோப்பு கறுப்பா?

— சாயம், பவானி. தலைக்கு. இருபத்தி ரெண்டு வயசுலயே நரைச்சுப் போச்சு. அப்பாவுக்கும் அப்படித்தான், ராமாத்தாள் அத்தைக்கும் அப்படித்தான். உன்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பகூட சாயத்தோடதான் உக்காந்திருந்தேன்.

— இவ்வளவுதானா? உள்ள இன்னொரு பொண்ணு இருக்குன்னு நினைச்சுப் பயந்துட்டேன்.

— சிரிக்காத. இன்னும் இருக்கு. அப்பாவுக்கு நுரையீரல் தழும்பேறி இறுகிப் போச்சுன்னு உனக்குத் தெரியும். லூபோக் சீனா தோட்டத்துல ரப்பருக்குப் புகை போட்டாரே, அதனாலதான்னு நாங்க நினைச்சுக்கிட்டிருந்தோம். போன வருசம் ஸ்பெஷலிஸ்ட் அவரு நுரையீரல் படத்தைப் பார்த்துட்டு, ‘உங்களுக்கு எந்த வயசுல நரைச்சுது?’ன்னு கேட்டாரு.

— முடிக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்?

— சில குடும்பத்துல மரபணுவிலயே ஒரு கோளாறு இருக்குமாம். இளவயசுல நரைக்கும். நுரையீரல்ல தழும்பும் விழலாம். ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. அப்பாவுக்கு இருக்கு. எனக்கு நேத்துதான் ரிசல்ட் வந்துச்சு. எனக்கும் இருக்கு.

— இருந்தா நோவு கண்டிப்பா வந்துடுமா?

— கண்டிப்பா இல்ல. வரலாம், வராமலும் போகலாம். சிகரெட் பக்கம் போகக்கூடாது, தூசியில நிக்கக்கூடாது, வருசா வருசம் மெஷின்ல ஊதிக் காட்டணும்.

— நீங்க ஃபேக்டரியில பாலிஷ் போடுற இடத்துலல்ல நிக்கிறீங்க?

— ஸ்டோருக்கு மாத்தச் சொல்லி இன்னிக்குக் காலையிலயே கேட்டுட்டேன்.

— நல்ல பிள்ளை. ஊதிப் பழக நான் பலூன் வாங்கித் தர்றேன். பரிசத்துக்கும் ஆச்சு.

— விளையாடாதலா! நமக்குப் பொறக்கிற பிள்ளைக்கும் வரலாம். பாதிக்குப் பாதி.

— உங்க மூக்கும்தான் வரலாம். அதை நினைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வர்றதில்ல.

— பவானி, நான் நெசமாத்தான் கேக்குறேன். நாளைக்குத் தட்டு மாத்துறதுக்கு முன்னாடி நீ வேணாம்னு சொல்லலாம். நான் தப்பா நினைக்க மாட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, இந்தக் கருமத்தைத் தலையில தடவிக்கிட்டு நிக்கிறேன்.

— மாமாகிட்ட சொன்னீங்களா?

— அவருகிட்டயா? மெதுவாப் பேசு, வாசல்லதான் இருப்பாரு. தன்னாலதான் பிள்ளைக்கு வந்துச்சுன்னு உடைஞ்சு போயிடுவாரு. ஏற்கெனவே சொன்ன பேச்சைக் கேக்கறதில்ல. வீட்டு வாசப்படி ஏறவே அவருக்கு மூச்சு வாங்குது. பொண்ணு பார்த்தப்புறம் உங்க வீட்டுல பதில் சொல்லாம இழுத்தடிச்சீங்களே, அந்த வாரம் பசாருக்குப் போறேன்னு கிளம்பினவரு பொழுது சாயத்தான் வந்தாரு. உதடெல்லாம் நீலம், பேச்சே வரல. கையில ஒரு கட்டுக் கீரைகூட இல்ல!

— தெரியும்.

— உனக்கு எப்படித் தெரியும்?

— கதவைத் திறங்க, சொல்றேன். ஐயய்யோ! காது கறுப்பு, கழுத்து கறுப்பு! மாமா, பேப்பரை வெச்சிட்டு இங்க வாங்களேன், உங்க பையனைப் பாருங்க!

— அவரை ஏன் கூப்பிடுற? முதல்ல பதில் சொல்லு!

— அன்னிக்கு மாமா பசாருக்குப் போகல, ஹரி. ஆக்சிஜன் சிலிண்டரைத் தோள்ல மாட்டிக்கிட்டு எங்க நாலு மாடியும் ஏறி வந்து, ‘அவன் தலையில இருக்கறது சாயம்மா, எங்க ரத்தத்துல இந்த நோவு இருக்கு, யோசிச்சுப் பதில் சொல்லு’ன்னாரு; அந்த மனுசனுக்கு மருமகளா வரணும்னுதான் நான் சரின்னே சொன்னேன்.