சுவிட்சின் மேல் ஒரு விரல்

நாற்காலி ஆடினாலும் நடுநிலை ஆடாத குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! இந்த முற்றத்தின் முன்வரிசையில் அமர்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாக வந்திருக்கும் தாய்மார்களே! படிக்கட்டுப் பக்கம் மெல்ல நகரும் நண்பர்களே! அனைவருக்கும் மாலை வணக்கம்.

நகராதீர்கள். ஏழு மணிக்குத் தண்ணீர் வரும் என்று எனக்கும் தெரியும். எனக்கும் கால் பரபரக்கிறது.

நான் ஆராய்ச்சி மாணவன். காந்தத்தைப் பற்றிப் படிப்பவன். "காந்தம் படிக்கிறவனுக்குக் குழாய்ல என்னப்பா வேலை?" என்று தலைவர் கேட்டார். சொல்கிறேன்.

காந்தத்துக்குள் கோடானுகோடி அணுக்கள். ஒவ்வொன்றும் ஒரு சின்ன ஊசி. எந்த ஊசிக்கும் மொத்தக் காந்தம் தெரியாது. தலைவரைத் தெரியாது, தீர்மானம் தெரியாது. பக்கத்து ஊசியைத் தெரியும். அது பார்க்கும் பக்கம் தானும் பார்க்கும். சூடேற்றினால்? அண்டை மறக்கும், அணி கலையும், காந்தம் வெறும் இரும்பாகும். ஊசிகளின் இந்தக் கணக்கை மனிதர்களுக்குப் போட்டுப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. மனிதர்களிடம் அந்தச் சூட்டுக்கு என்ன பெயர்? சந்தேகம்!

போன வாரம் என்ன நடந்தது? யாரும் மோட்டார் போட்டுக் குழாய்த் தண்ணீரை உறிஞ்சாவிட்டால் நாலாவது மாடிக்கும் தண்ணீர் தானாக ஏறும் என்று கைதூக்கினோம். கதவைச் சாத்தினோம். சுவிட்சில் விரல் வைத்தோம். சுவரில் காது வைத்தோம். வைத்தோமா இல்லையா? சிரிக்கிறீர்கள். அப்படியானால் வைத்தீர்கள்.

டெய்லர் அண்ணன் வீட்டில் 'உர்ர்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பக்கத்து வீடு மோட்டாரைப் போட்டது. அதைக் கேட்டு அடுத்த வீடு. கட்டடமே உறுமியது. ஓடிப்போய்ப் பார்த்தால், அண்ணன் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறார். "என்னப்பா எல்லாரும் இப்படிப் பாக்குறீங்க? அவசர ஆர்டர். பேன்ட்டுக்குக் கால் வெக்க வேணாமா?"

ஒரு பேன்ட்டின் காலில் தடுக்கி விழுந்தது ஒரு கட்டடம்!

அன்று நாலாவது மாடியில், நர்ஸ் அக்காவின் வாளியில் விழுந்தது என்ன? காற்று. படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவைத் துடைக்கத் துணி நனைக்கவும் தண்ணீர் இல்லை. இன்று காலை அக்கா என்னிடம் சொன்னார்: "நான் யாரையும் திட்டல தம்பி. இன்னைக்கும் வரலைன்னா வீட்டக் காலி பண்ணிடுறேன்."

கெட்டவர்களா நாம்? கொடியவர்களா? இல்லை! கதவைச் சாத்தியவர்கள். பக்கத்து ஊசியைப் பார்க்க முடியாத ஊசிகள். என் கணினியில் கண்டது இதுதான்: தனியாக நிற்கும் நல்லவனைச் சுற்றியிருப்பவர்கள் விழுங்கிவிடுகிறார்கள். ஒட்டி நிற்கும் நாலு பேரை அவ்வளவு லேசில் விழுங்க முடிவதில்லை. அந்த நாலு பேர் ஆற்று நடுவில் ஒரு மணல் திட்டு. திட்டு வளரும்.

"வளந்தே தீருமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தீராது அண்ணே. சில நேரம் கரைந்தும் போகும். அதனால்தான் வெறுங்கையோடு வரவில்லை.

இதோ, என் வீட்டு மோட்டாரின் ஃபியூஸ். பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். சுவரை ஒட்டிக் குடியிருக்கும் டெய்லர் அண்ணன் கையில் கொடுக்கிறேன்.

"எனக்கு எதுக்கு தம்பி இது?"

"நீங்க பாத்துக்கிட்டே இருக்கத்தான் அண்ணே."

எழுந்துவிட்டார். எங்கே போகிறார்? வீட்டுக்குள். மோட்டார் போடவா?

வருகிறார்! கையில் அவர் வீட்டு ஃபியூஸ். அவருக்கு அடுத்த வீட்டு டீச்சரின் மடியில் போடுகிறார். "பிடிங்க டீச்சர். என் பேன்ட்டு மேல பழி போட்டீங்கல்ல?"

டீச்சரும் எழுகிறார்.

மணி ஏழு. படிக்கட்டு நண்பர்களே, உங்களைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. பக்கத்தில் நிற்பவரைப் பாருங்கள். அவர் ஓடவில்லை. அவர் உங்களைப் பார்க்கிறார்.

நாலாவது மாடி ஜன்னல் திறந்திருக்கிறது. அக்கா குழாயைத் திறந்துவைத்துவிட்டு வந்திருக்கிறார். அடியில் இரும்பு வாளி.

குழாய் இருமுகிறது. காற்று.

இன்னும் காற்றுதான். உட்காருங்கள் ஐயா. தயவுசெய்து உட்காருங்கள்.

அதோ! கேட்கிறதா? இரும்பில் விழுகிறது!

நீங்கள் போங்கள் அக்கா. அப்பா காத்திருப்பார்.

தலைவருக்கு நன்றி. பரபரத்தும் நகராத கால்களுக்கு நன்றி. நாளை ஏழு மணிக்கும் கதவுகள் திறந்திருக்கட்டும். வணக்கம்.