பட்டுச் சும்மாடு

ஒரு தடவைதான் சொல்வேன். நடுவில் கேள்வி வேண்டாம்.

ஜமீன் இருந்த காலத்தில், இதே கொம்பேறியேந்தலில், மூக்கன் என்று ஒருத்தர் இருந்தாராம். எனக்குப் பூட்டன். தொழில், உப்பு சுமக்கிறது. கடற்கரையில் மூட்டையைத் தூக்கினால் ஊருக்கு மூன்று நாள் நடை. பழந்துணியைச் சுருட்டித் தலையில் ஒரு சும்மாடு, அதன் மேல் மூட்டை. நடந்தார், நடந்தார், நடந்துகொண்டே இருந்தாராம்.

ஒரு ஐப்பசியில் ஆற்றில் வெள்ளம். ஜமீன்தார் வந்த பல்லக்கு நடு ஆற்றில் கவிழ்ந்தது. மூக்கன் குதித்தார். ஆளைத் தோளில் போட்டுக் கரை சேர்த்தார். அரண்மனைக்குக் கூப்பிட்டார்கள். பத்து முழச் சிவப்புப் பட்டில் தலைப்பாகை கட்டினார்கள். "இன்று முதல் நீ வெள்ளம் வென்ற ராயன்" என்றார்களாம்.

"நிலம் ஏதும் உண்டா சாமி?"

"பட்டமே குடுத்திருக்கு, நிலம் வேறயா?" என்றாராம் அரண்மனைக் காரியக்காரர். "ஒண்ணு தெரிஞ்சுக்க. பாகை கட்டினவன் சுமை தூக்கக் கூடாது. தூக்கினா அரண்மனையே தூக்கின மாதிரி. பாகை இல்லாம வாசப்படி தாண்டவும் கூடாது."

அவ்வளவுதான். பிழைப்பு போச்சு.

உப்பு வியாபாரி செட்டியாரிடம் போனார். செட்டியார் எழுந்து நின்று கும்பிட்டாராம்.

"வாங்க ராயரே, உக்காருங்க."

"உக்கார வரல. மூட்டை இருக்கா?"

"ராயர் தலையில மூட்டையா! எனக்குக் கசையடி வாங்கிக் குடுக்கவா வந்தீரு?"

மோர் கொடுத்து அனுப்பினார். எங்கே போனாலும் எழுந்து நின்றார்கள். எங்கே போனாலும் மோர். எங்கே போனாலும் மூட்டை இல்லை.

வீட்டில் அவர் மனைவி இருளாயி. ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி. பானையில் அரிசி இல்லை. இரண்டு மாதம் பொறுத்தாள். அப்புறம், "நான் சுமக்கிறேன், நீ கூட வா" என்றாளாம். கடற்கரையிலிருந்து அவள் தலையில் மூட்டை. பக்கத்தில் ராயர், வெறுங்கையும் பட்டுப் பாகையுமாக. எதிரே வந்தவர்கள் ராயருக்கு வழிவிட்டார்கள். அவளுக்கு விடவில்லை.

மூன்றாம் நாள், நம் ஊர் முக்குரோட்டில் அவள் நின்றாள்.

"இந்தாய்யா, இறக்கிவிடு. கண்ணு இருட்டுது."

இறக்கினார். கொஞ்ச நேரம் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"தூக்கிவிடு."

"முடியுமா புள்ள?"

"முடியலன்னா யாரு தூக்குவா? ராயரா?"

அவர் பாகையை அவிழ்த்தார். கையில் சுற்றினார், சுற்றினார், பத்து முழத்தையும் சுற்றினார். சும்மாடாக்கித் தலையில் வைத்தார். "ஒரு கை குடு" என்றார்.

"பட்டுய்யா. பாழாப் போகும்."

"போகட்டும்."

நடந்தார், நடந்தார், வீடு வரைக்கும் நடந்தாராம்.

அரண்மனைக்குத் தெரியாமல் இருக்குமா? இழுத்துப் போனார்கள். காரியக்காரர் கத்தினார்.

"பாகை எங்கடா இருந்துச்சு?"

"தலையிலதான் சாமி."

"மூட்டை?"

"அது பாகை மேல."

யாரோ சிரித்துவிட்டார்களாம். ஜமீன்தார் மட்டும் நிமிர்ந்தே பார்க்கவில்லையாம். காரியக்காரரே தீர்ப்புச் சொன்னார். "சுமைதானே வேணும்? மலையடியில கிடக்கிற பலகைக் கல்லைத் தூக்கிட்டு ஊரைப் பார்த்து நடக்கட்டும். எங்க இறக்குறானோ அங்க பட்டம் முடிஞ்சுது."

கல் பெரிசு. ஓடையில் இறக்கியிருக்கலாம். கோயில் வாசலில் இறக்கியிருக்கலாம். இறக்கவில்லை. முக்குரோட்டில், இருளாயி உட்கார்ந்த இடத்தில் இறக்கினார். அதற்கு அப்புறம் அவர் கழுத்து நேராகவே நிற்கவில்லையாம். இரண்டு கால்கல் நட்டு, அதன் மேல் அந்தக் கல்லைக் கிடத்தினார். இருளாயியை நிற்க வைத்து அவள் தோளுக்கு அளவெடுத்தாராம். ஆள் துணை இல்லாமல் ஒரு பிள்ளைத்தாச்சி சுமையைச் சாய்த்து இறக்குகிற உயரம். அந்த மாசமே பிள்ளை பிறந்தது. அதுதான் என் தாத்தா.

அந்தச் சுமைதாங்கிதான் ராயர் கல். பட்டம் பிடுங்கின பிறகுதான் ஊர் அவரை மனசோடு ராயர் என்று கூப்பிட்டதாம்.

இந்த ஊரில் யாருக்குப் பட்டம் வந்தாலும், போட்ட பொன்னாடையைச் சும்மாடாகச் சுருட்டி, ஒரு மரக்கால் உப்பைத் தலையில் வைத்து, அந்தக் கல் வரைக்கும் நடக்க வேண்டும். போன தையில் ஒருத்தர் 'சேவைச் செம்மல்' வாங்கி வந்தார். சுருட்டச் சொன்னோம். கழுத்து வலி என்றார். சரி என்று விட்டோம். அவரை யாரும் செம்மல் என்று கூப்பிடுவதில்லை.

போதும், எழுந்திருங்கள். போகிற வழியில் அந்தக் கல்மேல் ஏறி உட்காராதீர்கள். யாராவது சுமையோடு வருவார்கள்.