முப்பத்தாறு பட ரோல்

ராஹிலா: இதுலயா மச்சான் என் மூஞ்சி இருக்கு?

அஃப்ஸல்: மெதுவா… ஈரம். நகம் படாம லைட்டுக்கு நேரா பிடி. நெகட்டிவ்ல வெள்ளை கறுப்பாத் தெரியும்.

ராஹிலா: கறுப்பும் இல்ல, வெள்ளையும் இல்ல. கழுவுன பால் பாக்கெட் மாதிரி இருக்கு.

அஃப்ஸல்: முயல் தீவுல எடுத்தது?

ராஹிலா: காணோம்.

அஃப்ஸல்: உப்பளத்துல உன் குடை பறந்துச்சே…

ராஹிலா: அதுவும் பறந்துட்டு. பாத்ரூம்ல ஸ்டூடியோ வச்ச லட்சணம். மருந்த மாத்தி ஊத்திட்டியளோ?

அஃப்ஸல்: ஓரத்துல நம்பர் விழுந்திருக்குல்லா… மருந்து சரிதான். ரோலு கேமராவுக்கு உள்ள பல்லுல மாட்டல. நான் கிளிக் பண்ணப் பண்ண, அது நகராம இருந்த இடத்துலயே இருந்திருக்கு.

ராஹிலா: "இங்கன திரும்பு, அங்கன பாரு"ன்னு பதினஞ்சு நாளா என் கழுத்த ஒடிச்சியளே.

அஃப்ஸல்: கலர்ல எடுத்தா எல்லாரும் அழகு. கறுப்பு வெள்ளையிலதான் மூஞ்சி தெரியும்.

ராஹிலா: இப்ப மூஞ்சியே இல்ல… வெள்ளிக்கிழமை உங்களுக்குத் துபாய் ஃப்ளைட். கொண்டுபோக ஒரு படம் இல்லாமப் போச்சே.

அஃப்ஸல்: ஏளா… அழுதியா?

ராஹிலா: ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது.

அஃப்ஸல்: சொல்லு.

ராஹிலா: ஒவ்வொரு படத்துக்கும் இந்த இடப்பக்கக் குமிழு சுத்தணும்னு வீடியோவுல காட்டுனியளே… மூணாம் நாளே பாத்தேன். சுத்தல.

அஃப்ஸல்: அப்பவே சொல்றதுக்கென்ன?

ராஹிலா: சொன்னா முப்பத்தாறு படத்தோட ரோல் முடிஞ்சிரும். சொல்லலைன்னா முடியவே முடியாதுல்லா…

அஃப்ஸல்: முடிஞ்சா என்ன?

ராஹிலா: வீட்டுல உம்மா, ராத்தா, பிள்ளையோன்னு பதினோரு பேரு. கல்யாணமாகி அஞ்சு வருஷத்துல நாம ரெண்டு பேரும் தனியா வெளிய போனது இந்தப் பதினஞ்சு நாளுதான். அது நின்னுரும்னு பயமா இருந்துச்சு… கோவமா?

அஃப்ஸல்: நான் எடுத்தது அம்பத்திரண்டு படம். எனக்கு என்ன, எண்ணத் தெரியாதா?

ராஹிலா: தெரிஞ்சுமா மருந்து, டப்பால்லாம் வாங்கி, கதவச் சாத்தி…

அஃப்ஸல்: வெளிச்சம் பட்டாப் படம் போயிரும், ஒரு மணி நேரத்துக்கு யாரும் தட்டக் கூடாதுன்னு உன் உம்மாட்ட சொல்லிட்டுதான் வந்தேன். இன்னும் இருவது நிமிஷம் இருக்கு… பேசு.