சில்லு விழுந்த முன்பல்லும் எங்கள் மைக்ரான் அக்காவும்

ஓரம் பிசகாத உழைப்பே! ஒரு நூலளவும் ஒப்பேற்றாத உள்ளமே! முப்பத்தோராண்டு எங்கள் பல் ஆய்வகத்தின் மூலையறையில் அமர்ந்து, முகமறியா மனிதர்க்கெல்லாம் முறுவல் செய்து தந்த பெருந்தகையே! வடிவமைப்புப் பிரிவின் வழுவாத் தலைவியே! எங்கள் அன்பிற்குரிய மைக்ரான் அக்கா அவர்களே! வணக்கம்.

தங்களை நேருக்கு நேர் புகழ்ந்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். "போதும் போதும், போய் வேலையப் பாருங்க" என்று எழுந்துவிடுவீர்கள். ஆகவே தங்கள் பணி நிறைவு விழாவில் வாசிக்கும் இம்மடலின் நடுப்பகுதியை அவையோருக்குச் சொல்வதுபோல் சொல்கிறோம். தாங்கள் வேறு யாரையோ பற்றிக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

அவையோரே! மைக்ரான் என்பது அக்காவின் பெயரல்ல, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை வைத்து நாங்கள் சூட்டிய பட்டம். பல்லின்மேல் மாட்டும் உறையான கேப்புக்கும் பல்லுக்கும் நடுவே தலைமுடியின் கனத்தில் பாதி அளவுக்கு இடைவெளி தெரிந்தாலும் அதைச் செய்தவர் மேசைக்கே திருப்பி அனுப்பிவிடுவார். எத்தனை பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறோம்! அவர் அசைந்ததில்லை. ஸ்கேனர் இருக்கும் அந்த மூலையறையில் ஜன்னல் கிடையாது, இரண்டாவது நாற்காலியும் கிடையாது. நாங்கள் பத்துப் பேரும் கூடத்தில் கலகலத்துச் சாப்பிடும் வேளையில் அவர் அங்கேயே டப்பாவைத் திறந்து மூடிவிடுவார். ஏழாண்டுகளுக்கு முன் கணவர் திடீரென்று இறந்தபோது ஒன்பது நாள் விடுப்பு எடுத்தார். பத்தாம் நாள் வந்து விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கினார். பிள்ளைகள் இல்லை. பேருந்து நிற்பதற்கு முன்பே வீட்டுச் சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வார் என்று, அதே வழியில் போகும் வரவேற்பு மேசைத் தங்கை ஒருமுறை சொன்னாள். சாவியிலும் துல்லியம்தான் என்று சிரித்தோம். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சென்ற ஆண்டு, புது ஸ்கேனரும், கேப்புக்கு உள்கூடு வரையும் மென்பொருளும் வாங்க முதலாளி முடிவெடுத்தார். இரண்டு நிறுவனத்தார் ஆளுக்கொரு இயந்திரத்தைச் சோதனைக்கு இறக்கினார்கள். முதலாவது, ஒரு வாயின் பல்வரிசையை அச்செடுத்து வார்த்த பிளாஸ்டர் மாடலைப் படம்பிடிக்க நாலு நிமிடம் முக்கும். பல்லில் கேப் உட்காரும் ஓரக்கோட்டையும் நாமே கையால் வரைய வேண்டும். இரண்டாவது நாற்பது நொடியில் முடித்து, கோட்டையும் தானே போட்டு, பளிங்குபோல் பல்வரிசையைத் திரையில் சுழற்றிக் காட்டும். நாங்கள் எல்லோரும் இரண்டாவதன் பக்கம் சாய்ந்துவிட்டோம். அக்கா மட்டும் தன் இழுப்பறையிலிருந்து ஒரு பழைய மாடலை எடுத்தார். அதையே ஒவ்வொன்றிலும் இருபது முறை படம்பிடித்தார். ஒவ்வொரு படத்துக்கும் உள்கூடு வரைந்து, வெட்டியெடுத்து, அதே மாடலின் கடைவாய்ப்பல்லில் பசை விட்டுப் பொருத்தி, அந்தப் பசை எவ்வளவு மெல்லிசாக அமுங்கியிருக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார். இரண்டு மாதம், தன்னந்தனியாக.

"எதுக்குக்கா இந்தப் பழசு? புதுசா ஒண்ணு ஊத்தித் தரட்டுமா?" என்று பிளாஸ்டர் அறை அண்ணன் கேட்டார்.

"வேண்டாம்ப்பா. இந்த வாய் எனக்கு நல்லாத் தெரியும்."

தொழில் கர்வம் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டோம்.

அறிக்கை ஒரே பக்கம். கடைவாய்ப்பல்லில் இரண்டும் ஏறக்குறைய சமம். ஆனால் அந்த மாடலின் முன்பல் ஒன்றில் அரிசிமுனை அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. முதல் இயந்திரம் அதை அப்படியே காட்டியது. இரண்டாவது, இருபது முறையும் அதை மூடி முழுப்பல்லாக்கிவிட்டது. "இல்லாததை இது தானாக நிரப்புகிறது. வாங்க வேண்டாம்" என்று முடித்திருந்தார்.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "ஒரு சில்லுதானே? கேப் வைக்கிறது கடைவாயில. முன்பல் எப்படி இருந்தா நமக்கென்ன?"

"இன்னைக்கு முன்பல்லுல நிரப்புறது நாளைக்கு ஓரத்துல நிரப்பும். அப்புறம் கேப் உட்காராது. இல்லேன்னா இல்லேன்னு காட்டணும் சார்."

அந்தக் குரல் சற்றே உடைந்தது. இயந்திரத்துக்காகவா இவ்வளவு என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முதலாளி முதலாவதையே வாங்கினார். பொருந்தாமல் திரும்பி வரும் கேப்புகள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

இயந்திரம் முடிவான மறுநாள், அக்காவின் மேசையைத் துடைத்த பிளாஸ்டர் அறை அண்ணன், சோதனைதான் முடிந்ததே என்று அந்த மாடலைக் கழிவுப் பீப்பாயில் போட்டுவிட்டார். எங்கள் ஆய்வகத்தில் வேலை முடிந்த மாடலுக்கு அதுதான் வழி.

"இங்க ஒரு மாடல் இருந்துச்சே?"

"போட்டுட்டேன்க்கா. வண்டியும் வந்து அள்ளிட்டுப் போயிடுச்சு. வேணுமா?"

"இல்ல... முடிஞ்சிடுச்சுல்ல" என்று சொல்லி அக்கா அறைக்குள் போனார். அன்று டப்பாவைத் திறக்கவில்லை. வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டோம்.

இந்த விழாவுக்காகப் பழைய கோப்புகளைக் கிளறியபோது, அந்த மாடலின் எண்ணுள்ள வேலைச்சீட்டு அகப்பட்டது. தேதி ஏழாண்டுக்கு முந்தையது, அக்கா அந்த ஒன்பது நாள் விடுப்பு எடுத்ததற்கு முந்தைய வாரம். நோயாளியின் முகவரி அக்காவின் வீட்டு முகவரி. கேப் பொருத்தும் நாள் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. பிளாஸ்டர் அறை அண்ணன் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

அக்கா! இனித் தங்களிடமே பேசுகிறோம். அறியாமல் செய்த பிழைக்கு அனைவரும் மன்னிப்புக் கேட்கிறோம். தாங்கள் தேர்ந்தெடுத்த இயந்திரத்தில் அந்த இருபது படங்களும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றிலிருந்து மாடலை முப்பரிமாண அச்சுப்பொறியில் மீண்டும் அச்சிட்டோம். முதல் முறை பழக்கதோஷத்தில் அச்சுப்பொறியின் சீர்செய்யும் பொத்தானை அழுத்திவிட்டோம், சில்லு மறைந்துவிட்டது. அந்த அச்சைக் கழித்துவிட்டு மறுபடி அச்சிட்டோம். இம்மடலுடன் தங்கள் கையில் தரும் சிறு பெட்டியில் இருப்பது அதுதான். சில்லு இருக்கிறது. தாங்களே நுண்ணோக்கியில் பார்த்துக்கொள்ளலாம்.

உடல் நலமும் உறுதியான பற்களும் ஓயாத நடையும் பெற்று நூறாண்டு கடந்தும் வாழ்க! மூலையறையில் இரண்டாவது நாற்காலி ஒன்று போட்டிருக்கிறோம். அந்தச் சில்லு எப்படி விழுந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஒருநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் வந்து சொல்லுங்கள், அக்கா.

இங்ஙனம்,
இத்தனை ஆண்டுகள் அடுத்த அறையில் இருந்தும்
ஒருமுறைகூட அதைக் கேட்காத
ஆய்வகப் பணியாளர்கள்