ஹனீஃபாவின் இடது கன்னம்

காலை ஏழு மணி வெயிலில் படமெடுத்தால் தோல் நன்றாக வரும். என் ஸ்டூடியோவுக்கு வருகிறவர்களிடம் இருபது வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சார்.

தாம்பரம் மேற்கில் லாசரஸ் போட்டோஸ் என்னுடையது. ரயிலில் அடிபட்டு, யாரென்று தெரியாமல் கிடப்பவர்களைப் படமெடுக்க ரயில்வே போலீஸ் என்னைத்தான் கூப்பிடும். பிரிண்ட் அவர்களுக்கு. இன்னொரு பிரதி என் கம்ப்யூட்டரில் இருக்கும். நான் எதையும் வீணாக்குவதில்லை. கம்ப்யூட்டரில் முகம் வரையும்போது வெறும் பிரஷ்ஷால் இழைத்தால் மெழுகு பொம்மைபோல ஆகிவிடும். நிஜத் தோலின் படத்தை அதன்மேல் மெல்லிசாகப் படரவிட்டால் மயிர்க்கால்கூடத் தெரியும். உயிருள்ளவர்கள் பக்கத்தில் காமிராவைக் கொண்டுபோனால் கூச்சப்படுவார்கள். இவர்கள் அசையமாட்டார்கள்.

2005-இல் ஷம்சாத் வந்தார். மறைமலை நகருக்கு ஷிப்டுக்குப் போன கணவர் ஹனீஃபா ஐந்து மாதமாக வீடு திரும்பவில்லை. டவுன் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்திருந்தார்; அது ரயில்வே போலீஸ் வரை போகவில்லை. கையில் ஒரே ஒரு கல்யாணப் படம், அதில் கட்டைவிரல் நகமளவு முகம்.

"பெருசா வரைஞ்சு குடுங்கண்ணா. எம் பொண்ணு ஃபராவுக்கு அத்தா மொகமே மறந்துகினு வருது."

வரைந்தேன். கன்னத்துக்கு என் சேமிப்பிலிருந்து ஒரு படத்தை எடுத்துப் போட்டேன். பீர்க்கன்கரணைப் பக்கம் தண்டவாளத்தில் எடுத்தது. முகத்தில் இடது பாதிதான் மிச்சம். ஒருவர் தோலை இன்னொருவர் முகத்தில் போட்டால் இழுத்து, வளைத்துத்தான் பொருத்த வேண்டும். இது அப்படியே உட்கார்ந்தது. காதோரம், புருவம், மூக்கின் சரிவு, எதையும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை. மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டு அழுதேன், சார். அது நடிப்பில்லை.

வெள்ளிக்கிழமை அவர் வந்ததும் சொல்லிவிடத்தான் இருந்தேன். ஆனால் வந்தவர் படத்தின் கன்னத்திலிருந்த தழும்பைத் தொட்டார். நான் அழிக்க மறந்தது.

"இது கல்யாணத்துக்கப்புறம் மெஷின்ல பட்டதாச்சே. போட்டோல கெடையாதே. உங்களுக்கு எப்டிண்ணா தெரியும்?"

"நீங்கதான் சொன்னீங்க."

"சொன்னேனா?" என்று சிரித்தார். ஐந்து மாதத்தில் அன்றுதான் சிரித்தாராம். அதைக் கெடுக்க யாருக்கு மனசு வரும்?

பிறகு வெள்ளிதோறும் வந்தார். திரும்பி வரும்போது ஹனீஃபா ஆள் மாறியிருப்பாரே என்று நான்தான் யோசனை சொன்னேன். வருஷத்துக்கு ஒருமுறை கொஞ்சம் நரை, கண்ணுக்குக் கீழே ஒரு சுருக்கம். டீ வாங்கி வைப்பேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மீசை இன்னும் தாழ இருக்கும் என்பார். அந்த நாற்காலியில் எனக்காக யாரும் உட்கார்ந்ததில்லை.

ஒருநாள் ஷம்சாத்தின் அண்ணன் ஷாகுல் கடைக்கு வந்து கெஞ்சினார். "வரையறத நிறுத்துங்க சார். புருசன் மௌத்தாயிட்டாருன்னு தெரிஞ்சாக்கூட நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்து, அழுது, மனச தேத்திக்குவா. இப்ப அவ பொண்டாட்டியும் இல்ல, விதவையும் இல்ல."

"வந்துடுவார் பாய்," என்றேன். அனாதைப் பிணமென்று ஹனீஃபாவைப் புதைத்த குழி எனக்குத் தெரியும். புதைத்த அன்றும் நான்தான் படமெடுத்தேன்.

போன வாரம் உங்கள் ஆட்கள் அடையாளம் தெரியாத பிணங்களின் பழைய ஆல்பத்தை ஷம்சாத்திடம் காட்டியிருக்கிறார்கள். தழும்பைப் பார்த்தாராம். பிரிண்டின் பின்னால் என் கடை முத்திரை. நேராக என்னிடம் வந்தார். "அண்ணா" என்று மட்டும் கூப்பிட்டார். அதிலேயே எனக்கு நெஞ்சு உடைந்துவிட்டது.

நாலு வருஷம் தெரிந்தேதான் மறைத்தேன். செத்தவர் தோலைத்தான் அவர் வீட்டுச் சுவரில் மாட்டக் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும், சார். இன்று வெள்ளிக்கிழமை. யாரையாவது அனுப்பிக் கடையைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். ஷம்சாத் வந்து வாசலில் நிற்கக் கூடாது. இந்த வருஷத்து நரை இன்னும் பாக்கி இருக்கிறது.